குடுமியான்மலை ரதி வீனஸ் அல்ல

நாயக்கர் காலத்து ரதிச் சிற்பம் ஒன்றைப் புகழ வேண்டுமென்றால், 'கருங்கல்லில் வடித்த வீனஸ்' என்று சொல்லிவிடுவது நம் கலை எழுத்தில் பழகிப்போன வழக்கம். கிருஷ்ணாபுரமோ தென்காசியோ தாடிக்கொம்போ, ரதி நிற்கும் எந்த மண்டபத்துக்கும் இந்தப் பாராட்டு பொருந்துவதுபோல் தோன்றும். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் குடுமியான்மலைக்கும் இதே அளவுகோலைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். சிகாநாதசுவாமி கோயில் மண்டபத் தூண்களில் நரசிம்மரும் பத்துத் தலை இராவணனும் மோகினியும் நிற்கும் வரிசையில் ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள். ரோமாபுரியில் காதலுக்கு ஒரு தெய்வம், இங்கேயும் ஒரு தெய்வம். அங்கே சலவைக்கல், இங்கே கருங்கல். கணக்கு நேராகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ரதியை வீனஸுக்கு நேராக நிறுத்தும்போது இரண்டு பேரையுமே நாம் சரியாகப் பார்ப்பதில்லை. வீனஸுக்கு உண்மையில் நேரானவள் புதுக்கோட்டையிலேயே இருக்கிறாள். அவள் ரதி அல்ல.

இந்த ஒப்பீட்டுக்குப் புதுக்கோட்டை மண்ணில் கூடுதலாக ஒரு கவர்ச்சி உண்டு. ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளைப் பற்றி 1898இல் ஜார்ஜ் ஹில் லண்டன் நாணயவியல் இதழில் எழுதினார். அவற்றில் சில இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அகஸ்டஸ் தொடங்கி கி.பி. 79இல் இறந்த வெஸ்பாசியன் வரை பேரரசர்களின் முகங்கள் அந்தக் காசுகளில் உண்டு. வெஸ்பாசியனுக்கு முன் ஆண்ட அகஸ்டஸின் குடும்பமோ தன்னை வீனஸின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். அப்படியானால் வீனஸின் பிள்ளைகள் புதுக்கோட்டை மண்ணுக்குள் 1,800 ஆண்டுக்கு மேல் படுத்திருந்தார்கள் என்றாகிறது. ரோமோடு இவ்வளவு நெருங்கிய கொடுக்கல் வாங்கல் இருந்த ஊரில் ரோமாபுரிச் சிற்பத்தின் சாயல் ஏன் இருக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டால், கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்தக் காசுகளே அதற்குப் பதில் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்பதற்கான அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இங்கே வேண்டியிருந்தது ரோமின் பொன். அதன் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. அரிக்கமேட்டில் கியூபிட்டும் பறவையும் செதுக்கிய மணிக்கல் ஒன்று கிடைத்ததும், கோலாப்பூரில் பொசைடனின் சிறு வெண்கல உருவம் கிடைத்ததும் உண்மை. ஆனால் அவை கையில் எடுத்துப்போகிற அளவுச் சரக்கு. அவற்றுக்கும் 16, 17ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் உளிக்கும் நடுவே 1,500 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடந்து வரும் ஒரு சிற்பமோ, மரபுத் தொடர்ச்சியோ தமிழகத்தில் இல்லை. செல்வாக்கு என்ற வாதம் இங்கேயே நின்றுவிடுகிறது.

செல்வாக்கு இல்லாவிட்டாலும் ஒப்புமை இருக்கலாம் அல்லவா? அதற்கு முதலில் வீனஸ் யார் என்று பார்க்க வேண்டும். நம் மனத்தில் இருக்கும் வீனஸ் அருங்காட்சியகத்து வீனஸ். வெள்ளை வெளேரென்ற கல், ஆடையில்லாத உடல், யாரும் தொடாத தூரம். ரோமில் காப்பிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலையை எடுத்துக்கொள்வோம். ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. குளிக்கப் போனவளோ குளித்து வந்தவளோ, யாரோ வந்துவிட்டதுபோல் ஒரு கையை மார்பின் குறுக்கேயும் இன்னொரு கையைக் கீழேயும் வைத்திருக்கிறாள். காலருகே ஒரு குடம், அதன்மேல் கழற்றிப் போட்ட துணி. அந்தக் குடமும் துணியும் கதைக்காக மட்டும் வைத்தவை அல்ல. சலவைக்கல் சிலையின் எடை முழுவதும் இரண்டு கணுக்காலில் இறங்கினால் கல் அங்கே முறிந்துவிடும்; அதற்கு முட்டுக் கொடுக்கவே காலோடு ஒட்டி ஒரு குடம். இந்த வகைச் சிலைகளுக்கெல்லாம் தாய் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பிராக்சிடிலீஸ் கினிடஸ் நகரத்துக்காகச் செய்த அப்ரோடைட். மூலம் இன்று இல்லை. ரோமானியர்கள் எடுத்த பிரதிகளும் பிரதியின் பிரதிகளும்தான் எஞ்சியிருக்கின்றன.

அந்த வெள்ளை பிற்காலத்தில் வந்தது. பிராக்சிடிலீஸிடம் உன் சிலைகளில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் வண்ணம் பூசியவையே என்று சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று வருந்திய அதே பிளினிதான். இத்தாலியின் பாம்பேயில் கிடைத்த சிறிய வீனஸ் சிலை ஒன்றில் மார்க்கச்சும் ஆபரணங்களும் தங்கப்பூச்சாக இன்றும் தெரிகின்றன. புளோரன்ஸில் உள்ள மெடிச்சி வீனஸின் காது மடலில் துளை இருக்கிறது. கல்லுக்குத் தோடு போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் நாள் ரோமானியப் பெண்கள் வீனஸ் சிலையின் நகைகளைக் கழற்றி, நீராட்டி, துடைத்து, மறுபடி நகை பூட்டி, பூச் சாத்துவார்கள் என்பதைக் கவிஞர் ஓவிட் விவரமாகச் சொல்கிறார். நமக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. இது அபிஷேகம், அலங்காரம். மண்ணுக்குள் புதைந்து கிடந்ததும், அகழ்ந்தெடுத்தவர்கள் தேய்த்துக் கழுவியதும் சேர்ந்து செய்த வேலைதான் அந்த வெண்மை. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1937–38இல் பார்த்தினான் சிற்பங்களை வெள்ளையாக்குவதற்காகச் செம்புக் கருவியால் சுரண்டிய கதை ஊரறிந்தது. ஆக, 'ஆடையில்லாத வீனஸ், அணிமிகுந்த ரதி' என்று நாம் போடும் எதிர்நிலையில் பாதி, அருங்காட்சியகம் உண்டாக்கியது. சித்தன்னவாசல் தூணில் ஆடும் பெண்களின் வண்ணத்தைப் பார்த்துப் பழகிய மாவட்டத்துக்காரர்களுக்குக் கல்லும் நிறமும் பிரியாதவை என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மீதிப் பாதி கல்லின் குணம் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சலவைக்கல் மென்மையானது, அரத்தால் ராவலாம், பல்லுளியால் வாரலாம். ஒளி அதன் மேற்பரப்பில் நின்றுவிடாமல் ஒரு நூலளவு உள்ளே போய்த் திரும்புகிறது. அதனால்தான் தோல்போல் தெரிகிறது. கருங்கல் அப்படி இல்லை. ஊசி உளியை வைத்துத் தட்டித் தட்டித் துளித்துளியாகப் பொடித்து எடுக்க வேண்டும். ஒளி அதன் மணிகளில் பட்டுச் சிதறும். சதையின் குழைவைக் காட்டுவதைவிடக் கோட்டைக் காட்டுவது அந்தக் கல்லில் எளிது. நாயக்கர் காலத்து ரதியைப் பாருங்கள்: ஆரத்தின் ஒவ்வொரு மணிக்கும் அடியில் ஒரு நிழல் விழும்படி வெட்டு இருக்கும். விரல் நகம் தனியே தெரியும். இடுப்பு ஆடையின் கரை ஓடும் வழியில் தொடையின் வளைவு புரியும். அன்னமும் கரும்பும் அவள் யாரென்று சொல்லும். அணிகலன் அங்கே வெறும் அலங்காரமாக இல்லை. உடலை வரைகிற கோடே அதுதான். இருந்தாலும் எல்லாவற்றையும் கல்லின் தலையில் போட்டுவிட முடியாது. இதே மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலில், பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசர் 10ஆம் நூற்றாண்டில் கட்டியதில், இதே கருங்கல்லில் குறைந்த அணியோடு எத்தனை குழைவான உருவங்கள்! கல் ஒன்றுதான், காலத்தின் ருசி வேறு. கொடும்பாளூர்ச் சிற்பி அடக்கத்தை நாடினான், நாயக்கர் காலத்தவன் நிறைவை நாடினான். எனக்குக் கொடும்பாளூர் நெருக்கம் என்பதை ஒளிக்க மாட்டேன். அதற்காக ரதியைச் செய்தவனின் கை தாழ்ந்தது என்று சொல்ல மனம் வராது.

இன்னொரு வேறுபாடு கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் போகிறது. வீனஸ் தனிச் சிலை. சுற்றி வந்து பார்க்கலாம், தூக்கிக்கொண்டு போகலாம், போனார்கள். ரதி தூணோடு ஒரே கல். அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பது மண்டபத்தின் எடையைத் தாங்கும் தூண். வீனஸுக்குக் குடம் முட்டு. ரதிக்கோ கோயிலே முட்டு. அவளைக் கோயிலிலிருந்து பிரித்துப் படமெடுத்து, வெள்ளைத் தாளில் தனியே அச்சிட்டு, வீனஸ் படத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் அவர்கள் ஒத்தவர்களாகத் தெரிகிறார்கள்.

பெயர் மாற்றி வைக்கும் இந்தப் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. 1938இல் பாம்பேயில் அமெதியோ மையூரி அகழ்ந்தபோது ஒரு வீட்டில் சுமார் 25 சென்டிமீட்டர் உயரத் தந்தச் சிற்பம் கிடைத்தது. இந்தியப் பெண் உருவம். கழுத்தும் கையும் நிறைய அணிகலன், இரண்டு பக்கமும் தோழியர். உடனே 'லட்சுமி' என்று பெயர் சூட்டினார்கள். இந்தியாவிலிருந்து வந்த அழகிய பெண் உருவம் என்றால் லட்சுமியாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம். பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் அவளை யட்சி என்கிறார்கள். கண்ணாடிப் பிடியாகவோ மரச் சாமானின் காலாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். பாம்பேயோ வீனஸையே காவல் தெய்வமாகக் கொண்ட ஊர். கருக்காக்குறிச்சிக் காசுகளின் கடைசி அரசர் வெஸ்பாசியன் இறந்த அதே கி.பி. 79இல் அந்த ஊர் எரிமலைச் சாம்பலுக்குள் போனது. வீனஸின் ஊரில் நம் யட்சிக்கு லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், நாம் நம் ரதிக்கு வீனஸ் என்று பெயர் வைக்கிறோம். இரண்டும் ஒரே வகைத் தவறு.

அப்படியானால் வீனஸுக்கு நேர் யார்? வீனஸ் காதலுக்கு மட்டும் தெய்வம் என்று வைத்துக்கொள்வதால்தான் விடை தவறிப்போகிறது. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் தன் மன்றத்தில் கட்டிய கோயில் 'ஈன்ற தாய்' வீனஸுக்கு. குலத்தைப் பெற்றவள், அரசைக் காப்பவள், வெற்றி தருபவள் என்றே அவள் அங்கே நின்றாள். கி.மு. 44இல் வந்த சீசரின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் கையில் வெற்றித் தெய்வத்தை ஏந்திய வீனஸ். இப்போது புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக்கு வாருங்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம் இங்குள்ள பிரகதாம்பாள். அரசர்கள் தங்கள் பெயரோடு 'ஸ்ரீ பிரகதாம்பாதாஸ்' என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த அரசின் சொந்தச் செப்புக் காசில் ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்து. பெயரே அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசு குடிமக்களுக்குப் போனது. சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகு காசு போயிற்று, அம்மன் இருக்கிறாள். பொருள் தொலைந்துவிட்டால் 'அரைக்காசு அம்மன்' என்று அவளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வது இன்றும் வீட்டு வழக்கம். நீராட்டு, அலங்காரம், அரசகுலம், காசு, அன்றாட நேர்த்தி என்று வீனஸுக்கு ரோமில் இருந்த இடம் ஒவ்வொன்றும் இங்கே பிரகதாம்பாளுக்குத்தான் இருக்கிறது. வேறுபாடும் உண்டு, அது சிறிய வேறுபாடு இல்லை: சீசர் தன்னை வீனஸின் வாரிசு என்றார். தொண்டைமானோ தன்னைப் பிரகதாம்பாளின் அடியவர் என்றார்.

பிரகதாம்பாள் காதல் தெய்வம் இல்லையே என்று கேட்கலாம். அந்த மறுப்புக்கு நம் மரபிலேயே பதில் கிடக்கிறது. கரும்பு வில்லும் மலர்க்கணையும் மன்மதனுடையவை. ஆனால் அவற்றை ஏந்திப் பூசை பெறுபவள் காமாட்சி. காமன் எரிந்த பிறகு அவன் ஆயுதம் அம்பாள் கைக்குப் போய்விட்டது. பெண்கள் காமனையே நேரடியாக வேண்டிய காலமும் இருந்தது: சிலப்பதிகாரத்தில் புகாரின் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று தோழி தேவந்தி கண்ணகியிடம் சொல்கிறாள், கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே காமதேவனை வேண்டித்தான். இவற்றில் எங்கேயும் ரதிக்குத் தனிக் கோட்டம் இல்லை. வேண்டுதல் காமனிடம் போனது, பிறகு அம்பாளிடம் போனது, ரதியிடம் வந்து நிற்கவே இல்லை. குடுமியான்மலைத் தூணில் இருப்பவளுக்குக் கருவறை இல்லாததும் அதனால்தான்.

வழிபாடு இல்லையென்றால் அவளுக்கு என்ன இருக்கிறது? கதை இருக்கிறது. தவத்தில் இருந்த சிவன்மேல் கணை தொடுத்த கணவன் நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடுகிறாள். வரம் கிடைக்கிறது, ஆனால் முழு வரம் இல்லை: அவன் உயிர்ப்பான், ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவோடு தெரிவான், மற்ற எல்லோருக்கும் அவன் அநங்கன், உருவிலி. கந்தபுராணம் இதைக் காமதகனமாக விரிவாகச் சொல்கிறது. ஊர்களில் மாசி மாதம் கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் காமன் நட்டு, ரதி புலம்பிப் பாடி, பௌர்ணமியில் எரிக்கும் காமன் பண்டிகை காவிரிப் படுகையில் பெரிதாக நடந்த ஒன்று. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பிரிவாய் நின்று லாவணி பாடி, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடினார்கள். இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களும் இந்தக் காமன் கூத்தை எடுத்துப் போனார்கள். வீனஸுக்கு இப்படியொரு பிரிவு கதையின் உயிராக இல்லை. அவளுக்கும் அடோனிஸ் என்ற காதலன் இறந்த கதை உண்டு. ஆனால் சலவைக்கல் வீனஸில் அந்தத் துயரத்தின் சுவடே கிடையாது. குளியலுக்கு நிற்கும் பெண்ணை யாரோ பார்த்துவிட்ட நொடிதான் அந்தச் சிலை.

இப்போது குடுமியான்மலை மண்டபத்தை மறுபடி பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிய வேண்டிய மன்மதன் அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்கிறான். அவனைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்கு ரதியின் கண்ணால்தான் பார்க்கிறார்கள். இது சிற்பியின் தலையில் நாம் ஏற்றும் கற்பனை, ரதியும் மன்மதனும் நாயக்கர் மண்டபங்கள் பலவற்றிலும் வரும் வாய்ப்பாட்டு உருவங்கள்தானே என்று ஒருவர் மறுக்கலாம். வாய்ப்பாடு என்பது உண்மை. ஆனால் அந்த வாய்ப்பாடு ஏன் எப்போதும் இணையாகவே வருகிறது? கிருஷ்ணாபுரத்திலும் தாடிக்கொம்பிலும் அவள் இருந்தால் அவனும் இருக்கிறான். வீனஸ் தனியே நின்று முழுமை பெறுகிறாள். ரதியைத் தனியே செய்ய நம் சிற்பிகளுக்குத் தோன்றவில்லை. சாம்பலாவதற்கு முந்திய மன்மதனைத்தானே காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால், இருக்கலாம் என்பேன். ஆனால் குடுமியான்மலையில் அவன் நிற்பது அவனை எரித்தவரின் வாசலில். பார்க்கிறவருக்குப் பின்கதை தெரியும். வில்லேந்தி நிற்பவனின் நிலை அந்த அறிவோடுதான் கண்ணில் படுகிறது.

ஒப்பீடு நம் ஏட்டோடு நின்றால் கவலையில்லை. அது கல்லையும் தொடுகிறது. ரதியை 'அழகுச் சிலை' என்று மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அவள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றும். தமிழகக் கோயில்களில் அழுக்கு நீக்குவதாக மணலைப் பீய்ச்சி அடித்து எத்தனையோ கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் மழுங்கடித்தோம். ஆரமணியின் அடியில் விழும் நிழல்தான் ரதியின் உடல் என்று மேலே சொன்னேன். அந்த வெட்டின் முனை ஒரு முறை மழுங்கினால் அவள் போய்விடுவாள். சலவைக்கல்லைச் சுரண்டி வெள்ளையாக்கியவர்கள் செய்த பிழையை நாம் கருங்கல்லில் செய்ய வேண்டாம்.

குடுமியான்மலைக்கு ரதி பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் பெண்கள் வெறும் உருவங்களாக இல்லை; பாண்டியர் காலத்தில் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் இங்கே அம்மனுக்குச் சன்னிதி எடுப்பித்தார். ஊரின் பெயர்க் கதையும் காதலில் பிறந்ததுதான். கோயில் குருக்கள் சுவாமிக்கு வைத்திருந்த பூவைத் தன் காதலிக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசர் வந்துவிட, அவள் கூந்தலிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு முடி. சுவாமிக்குக் குடுமி உண்டு, அது அவர் முடி என்று குருக்கள் சொல்லிவைத்தார். அரசர் போய்ப் பார்த்தபோது லிங்கத்தின் தலையில் குடுமி இருந்தது. காமனை எரித்த சிவன் இந்த மலையடியில் ஒரு காதலனைக் காப்பாற்றத் தன் தலையில் முடி முளைக்க வைத்தார் என்று ஊர் நம்பியது. அவருக்குச் சிகாநாதர் என்று பெயரும் வைத்தது. லிங்கத்தின் உச்சியில் முடிச்சுப்போல் ஒரு புடைப்பு உண்டு. ரதியும் மன்மதனும் நிற்கும் தூண்களைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் தீப ஒளியில் தேடிப் பார்ப்பது அதைத்தான்.